நம் குழுவின் காகிதம் யார் கையில்?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், கணபதியில் பேசியது)



பதிவேடுகளைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பண்ணின ஒரு தப்பைத்தான் சொல்லப் போறேன்.

எங்கள் குழு ஒரு வங்கியில் வாங்கிய கடனை முழுசாகக் கட்டி முடித்தோம். நிலுவை இல்லை என்று அவர்கள் கொடுத்த சான்றை நான் போனில் படம் எடுத்து வைத்தேன். "அதான் போன்ல இருக்குதே"ன்னு தாளைப் பத்திரப்படுத்தவில்லை. அந்த போனில் இருந்த கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்தது ஊக்குநரோட பையன். ஒருநாள் போன் தண்ணித் தொட்டியில் விழுந்துச்சு. புது போன், புது நம்பர், புதுக் கணக்கு. பழைய கடவுச்சொல் பையனுக்கே மறந்து போச்சு.

ரெண்டு வருஷம் கழித்து அடுத்த கடனுக்குப் போனால், பழைய கடனில் ஒரு தவணை நிக்குதுன்னாங்க. தாளும் இல்லை, படமும் இல்லை. பன்னிரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தாங்க. குழுவின் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு மூணு வாரம் அலைந்து, வரவை வரி வரியாகக் காட்டித்தான் சரி செய்தோம். அந்த மூணு வாரமும் எனக்குச் சோறு இறங்கலீங்க.

அப்புறம்தான் விசாரித்தேன். கூகுள் கணக்கை 2 வருஷம் திறக்காமலே விட்டால், உள்ளே இருப்பதோடு சேர்த்து அழித்துவிடலாம் என்று 2023-ல் விதி அறிவித்திருக்காங்க. டிரைவில் கை தவறி அழித்ததும் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். கிளவுட் என்பது அடுத்தவர் வீட்டில் வைத்த பீரோ மாதிரி. சாவி யாருகிட்டன்னு பாக்கோணுமுங்க.

அதனால் குழுவுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் திறங்க. கடவுச்சொல் ஊக்குநருக்கும் ரெண்டு பிரதிநிதிகளுக்கும் தெரியணும். பொறுப்பு மாறும்போது தீர்மானப் புத்தகத்தில் எழுதி ஒப்படைக்கணும். ஓடிபி வருகிற நம்பரையும் அன்றைக்கே மாத்திடணும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறோம்.

டிஜிலாக்கர் வேறுங்க. 2015-ல் மத்திய அரசு கொண்டு வந்தது, அவரவர் ஆதாரை வைத்துத் திறப்பது. அதில் துறையே நேராக வழங்கும் சான்று அசலுக்குச் சமம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் விதியே சொல்லுது. நாமே படம் பிடித்து ஏற்றியதுக்கு அந்த மதிப்பு கிடையாது. பத்திரம், கையெழுத்துப் போட்ட கடன் ஒப்பந்தம், வங்கிச் சான்று எல்லாம் தாளாகவும் இருந்தே ஆகணும்.

எத்தனை வருஷம் வைக்கிறது? பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பாதி நோட்டு பழைய பேப்பர்காரர் தராசுக்குப் போயிடுது. தீர்மானப் புத்தகத்தையும் பதிவுச் சான்றையும் எப்பவும் போடாதீங்க. கடன் பணத்துக்கு வழக்குப் போட 1963-ம் வருஷக் காலவரம்புச் சட்டம் பொதுவாக 3 வருஷம் கொடுக்குது. அது முடியறதுக்குள்ள கொஞ்சம் கட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அங்கிருந்து மறுபடி 3 வருஷம். ஆகவே கடன் வாங்கிய தேதியிலிருந்து எண்ணாதீங்க, கணக்கு முடிஞ்ச தேதியிலிருந்து எண்ணுங்க. தகராறு ஓடிக்கொண்டிருந்தால் ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழிக்கக் கூடாது.

இன்னொண்ணு, உறுப்பினர் ஆதார் நகலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுறதை இன்னைக்கே நிறுத்துங்க அம்மிணி.

ஜிமெயில் திறக்கத் தெரியாதவங்க, சாப்பிட்டு முடித்து வாசல் பக்கத்து மேஜைக்கு வாங்க. ரெண்டு புள்ளைங்க உக்காந்திருக்கும். குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் கையோட கொண்டாந்துடுங்க.