மலையேறும் படகு

படகு என்ற சொல்லைக் கேட்டவுடன் நேயர் பலரின் உள்ளத்தில் எழுவது கடற்கரைக் காட்சியே. மணலில் ஏற்றிவைத்த வள்ளம், உலரும் வலை, உப்புக் காற்று ஆகியவையே நினைவில் தோன்றும். ஆயின், இலங்கையில் சில படகுகள் நீரைக் காணுமுன் மலையைக் காண்கின்றன. கரையோரப் பட்டறையில் பிறந்து, மோட்டார் வண்டியின் பின்னே பிணைக்கப்பெற்று, அவிசாவளை, யட்டியந்தோட்டை ஆகிய ஊர்களைக் கடந்து, கித்துல்கல வழியாக மேட்டுநிலத்து நீர்த்தேக்கங்களை நாடிச் செல்லும் படகுகள் அவை. புதிய படகொன்றின் முதற் சோதனை அலையன்று. வளைவும் ஏற்றமும் மழையுமே.

கித்துல்கல, கேகாலை மாவட்டத்தில் களனி கங்கையின் கரையிலுள்ள ஊர். கூந்தற்பனையைச் சிங்களத்தில் கித்துல் என்பர். ஊரின் பெயர் அதனின்றும் வந்தது. தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வூரை உலகம் அறிந்தது 1957 இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தால். டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' இங்கேதான் படமாக்கப்பட்டது. கதையிலே அந்த ஆறு தாய்லாந்தில் ஓடுகின்றது. படத்திலே ஓடியது களனி கங்கை. படத்திற்கெனக் கட்டிய பாலம் தகர்க்கப்பட்டுவிட்டது. மக்களோ, அதற்கு முன்னும் பின்னும், தோணியிலேறி ஆற்றைக் கடந்து வந்திருக்கின்றனர்.

அத்தோணியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஒடுங்கிய உடல்; ஒருபுறத்தில் அது கவிழாது காக்கும் மிதவைக் கட்டை. இயந்திரம் இல்லை. இயந்திரம் வாங்க வகையில்லாமையால் மட்டும் இல்லை என்று கருதுவது பிழை. பாறைகள் நீருக்குள் ஒளிந்துகிடக்கும் அவ்வாற்றில் சுழல்விசிறி தாழ்த்திய படகு நெடுநேரம் தாங்காது. மேலே மின்நிலையங்கள் நீரை விடுவதையும் நிறுத்துவதையும் ஒட்டி ஆற்றின் மட்டமும் ஏறி இறங்குகின்றது. உல்லாசப் பயணிகளை ஏற்றி வெள்ளத்தில் சறுக்கிச் செல்லும் காற்றடைத்த படகுகளும் துடுப்பால் செலுத்தப்படுவனவே. பாறையில் மோதினால் அவை வளைந்துகொடுக்கும், உடையா. எந்த நீருக்கு எந்தப் படகு என்ற கேள்விக்கு இவ்வூர் நெடுங்காலத்திற்கு முன்பே விடை கண்டுவிட்டது.

அதே கங்கையின் தலைப்பகுதியிலோ நிலைமை வேறு. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 இல் காசல்ரீ அணையும், மஸ்கெலி ஓயாவை மறித்து 1969 இல் மவுசாகலை அணையும் நிறைவுபெற்றன. இவ்விரண்டு ஓடைகளும் கித்துல்கலவுக்கு மேலே ஒன்றுகூடியே களனி கங்கையாகின்றன. பாய்ந்து சென்ற நீர் அங்கே பரந்து நிற்கின்றது. மீன் பிடிக்கவும், ஆட்களை ஏற்றவும் இயந்திரப் படகு பயன்படக்கூடிய நீர் அது.

இத்தகைய நீர்த்தேக்கத்தை நம்பிப் படகு வாங்க முனையும் தோட்டப்புறத்து இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். தந்தையும் தாயும் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் சேர்த்தது பாதி. அவன் கொழும்பில் உழைத்து அனுப்பியது மீதி. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியைக்கொண்டு கணக்கிட்டால் ஒரு படகின் விலை பல ஆண்டுகளின் உழைப்பாகும். ஆகவே, அவன் முதலிற் செல்லவேண்டிய இடம் படகுப் பட்டறையன்று, அலுவலகம். மீன்பிடிப் படகின் பதிவும் மீன்பிடி உரிமமும் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளச் சட்டத்தின்கீழ் வருகின்றன. நீர்த்தேக்கத்தில் இயந்திரம் செலுத்த அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளல் வேண்டும். படகை வாங்கிய பின்னர் அனுமதிக்கு அலைந்தால், வாசலில் நிற்கும் படகு கடனை மட்டுமே ஈட்டும்.

இயந்திரத்தைப் பற்றிச் சிறிது. படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடியதை வெளியிணைப்பு இயந்திரம் என்கிறோம். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் என்பவர் 1909 அளவில் இதனை வணிகப் பொருளாக்கினார். காதலிக்காக ஏரியைக் கடந்து ஐஸ்கிறீம் வாங்கித் துடுப்பு வலித்து வருவதற்குள் அது உருகிவிட்டதென்றும், அந்த ஏமாற்றமே இயந்திரத்திற்கு வித்தாயிற்றென்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவர் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020 இல் நிறுத்தப்பட்டது. நூறாண்டைத் தாண்டிய பெயரும் ஒருநாள் நின்றுவிடலாம் என்பதால், வாங்குபவர் விளம்பரத்தைப் பார்ப்பதினும் உதிரிப்பாகம் ஹட்டனிலோ அவிசாவளையிலோ கிடைக்குமா என்று விசாரிப்பதே நன்று.

எரிபொருளும் சிந்தனைக்குரியது. நம் கரையோரங்களிற் பல இயந்திரங்கள் பெற்றோலில் முடுக்கப்பெற்று, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றன. மண்ணெண்ணெய் மலிவு என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது அந்த நம்பிக்கை குலைந்தது. இயந்திரத்தின் விலை ஒருமுறை கொடுப்பது. எண்ணெயின் விலை நாள்தோறும் கொடுப்பது.

மலைநாட்டிற்கே உரிய இன்னொரு செய்தியைக் கரையோர வணிகர் பெரும்பாலும் சொல்வதில்லை. உயரம் ஏற ஏறக் காற்றின் செறிவு குறையும். காற்றுக் குறைந்தால் இயந்திரத்தின் வலுவும் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வலு போகும் என்பது பொதுக்கணக்கு. காசல்ரீ கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே 25 குதிரைவலு இயந்திரம் 22 அல்லது 23 குதிரைவலுவுக்கே உழைக்கும். கடலிற் பாய்ந்தோடிய அதே படகு ஏரியில் திணறினால், இயந்திரம் பழுது என்று பதறவேண்டுவதில்லை. புரிக்கோணம் குறைந்த சுழல்விசிறியை மாட்டினால் குறை பெரிதும் நீங்கும். பின்பலகையின் உயரத்தையும் அளந்தே இயந்திரம் வாங்கல் வேண்டும். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைத் தண்டு. 20 அங்குலப் பலகைக்கு நெட்டைத் தண்டு. மாறி வாங்கியவர் இரண்டாம் முறையும் பணம் செலவிடுவார்.

இனி, வழிப்பயணம். வாழ்நாளில் ஒரேமுறை மலையேறப் போகும் படகுக்கு ட்ரெயிலர் எனப்படும் இழுவை வண்டியை விலைக்கு வாங்குவது வீண் செலவு. ஒரு லொறியை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். இன்று ஓர் ஏரி, அடுத்த மாதம் மற்றோர் ஏரி என்று படகை மாற்றுபவருக்கும், மழைக்காலத்தில் அதனை வீட்டிற்குக் கொணர்பவருக்குமே ட்ரெயிலர் பயன்தரும்.

இழுப்பதற்கு இன்றியமையாதது எடைக் கணக்கு. பதினெட்டு அடிக் கண்ணாடியிழைப் படகின் வெற்றுடல் 350 கிலோ, இயந்திரம் 50, எண்ணெயும் பொருள்களும் 40, ட்ரெயிலர் 200 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 640 கிலோவாகும். இதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு, அதாவது அறுபது கிலோவைச் சற்று மிஞ்சிய பாரம், வண்டியோடு இணையும் கொளுவியின்மீது அமர்ந்திருத்தல் வேண்டும். பாரம் பின்னே சாய்ந்து கொளுவி இலேசானால் ட்ரெயிலர் நாய் வாலைப்போல் ஆடத்தொடங்கும். ஆட்டம் பெருகினால் இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடும்.

புறப்படும்போது சரியாக இருந்த கணக்கு கித்துல்கலவில் பிழைத்துப்போவது உண்டு. காரணம் மழை. தென்மேற்குப் பருவக்காற்றை நேராக எதிர்கொள்ளும் மலைச்சரிவு அது. இலங்கையில் மழை மிகுந்த இடங்களுள் ஒன்று. சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிமழையும் அங்கே சிறியதன்று. பதினெட்டு அடி நீளமும் ஐந்தடி அகலமுங் கொண்ட படகின் திறந்த வாய், முனையின் ஒடுக்கத்தைக் கழித்தாலும், ஏழு சதுர மீட்டர் அளவு இருக்கும். ஓரங்குல மழை பெய்தால் அதிற் சேரும் நீர் 175 லீற்றர். இரண்டங்குலம் பெய்தால் 350 லீற்றர். எடையில் 350 கிலோ. படகின் வெற்றுடலுக்குச் சமமான இன்னொரு பாரம், எவரும் ஏற்றாமலே ஏறிவிடுகின்றது.

அப்பாரம் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. கித்துல்கலவைத் தாண்டி கினிகத்தேனையை நோக்கிச் சாலை ஏறும்போது நீரெல்லாம் படகின் பின்பகுதியிற் சேரும். கொளுவி மேலெழும், இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் பிடிப்பிழக்கும். இறக்கத்திலோ அந்நீர் முன்னே பாய்ந்து வண்டியைத் தள்ளும். வளைவுகளில் பக்கத்துக்குப் பக்கம் அலையும். தேநீர் அருந்த வாடிவீட்டில் அரைமணி தங்கிய ஓட்டுநர் திரும்பிவந்து, தாம் நிறுத்திச்சென்ற வண்டியே இது என்றெண்ணிப் புறப்படுவார். வண்டி அதுவே, பாரம் அதுவன்று.

இதற்கு மாற்றுச் செலவில்லாதது. படகின் அடியிலுள்ள வடிகால் துளையின் அடைப்பைப் பயணம் தொடங்குமுன்னரே கழற்றிவிடல் வேண்டும். படகின் முனை சற்றே உயர்ந்திருந்தால் மழைநீர் தானே வழிந்துவிடும். மேலே விரிக்கும் தார்ப்பாயும் நடுவில் தொய்ந்திருந்தால் அதுவே ஒரு குளமாகும். வீட்டுக் கூரைக்கு முகடு இருப்பதுபோல் அதன்கீழ் ஒரு மூங்கிலை நீளவாக்கிற் கட்டுதல் நலம். இயந்திரத்தையும் பின்பலகையிலே தொங்கவிடாது கழற்றி, வண்டிக்குள் படுக்கவைத்துக் கொண்டுபோனால், குழிகளிற் பலகை அதிர்வதும் குறையும், பின்பாரமும் குறையும். இருவர் தூக்கக்கூடிய பாரந்தானே அது. கழற்ற முடியும் என்பதே வெளியிணைப்பு இயந்திரத்தின் சிறப்பு. அதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

கித்துல்கலவில் நிற்கும்போது செய்யவேண்டிய வேலை மற்றொன்று, ட்ரெயிலர் சக்கரங்களின் குடத்தைத் தொட்டுப் பார்த்தல். இளஞ்சூடு இயல்பு. கைவைக்க இயலாச் சூடாயின் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது அது இறுகிவிட்டது என்று பொருள். மலையேறிப் பாதிவழியிற் சக்கரம் கழன்றோடுவதினும், ஆற்றங்கரையில் ஒருமணி நேரம் தாமதிப்பது மேல். கயிறுகளையும் அங்கேயே மீண்டும் இறுக்கலாம். புதுக்கயிறு முதல் ஐம்பது மைல்களில் நெகிழ்ந்தே தீரும்.

அதற்கப்பால் வளைவுகள். ட்ரெயிலரின் சக்கரங்கள் இழுக்கும் வண்டியின் தடத்தில் வருவதில்லை. வளைவின் உட்புறத்தை அறுத்துக்கொண்டு வரும். இடப்பக்க வளைவில் உட்புறம் வடிகாலும் மண்சரிவுமாக இருக்கும். அதனால் ஓட்டுநர் சற்று அகலமாகத் திரும்பல் வேண்டும், எதிரே பஸ் வருகின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். இச்சிறு ட்ரெயிலர்கள் பலவற்றிற்குத் தனிப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பயனற்றுப்போம். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது மலைநாட்டு லொறிச் சாரதிகளின் பழைய வழக்கம்.

நீர்த்தேக்கத்தை அடைந்ததும் படகை உடனே நீருக்குள் தள்ளும் ஆவல் இயல்பே. சூடேறிய சக்கரக் குடம் குளிர்ந்த மலைநீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, நீரை உறிஞ்சிக்கொள்ளும், பேரிங் துருப்பிடிக்கும். அரைமணி நேரம் ஆறவிடுதல் வேண்டும். அந்த இடைவேளையில் நீரின் மட்டத்தைப் பற்றி அவ்விடத்து மீனவரிடம் கேட்டறியலாம். மவுசாகலையின் அடியிற் கிடப்பது வெறும் சேறன்று. பழைய மஸ்கெலியா நகரம். கோடையில் நீர் வற்றும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடத்து எச்சங்கள் வெளித்தோன்றுகின்றன. நீர் பாதியாக நிற்கும் நாள்களில் அவை மேற்பரப்புக்குச் சற்றுக்கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மூதாதையர் கும்பிட்ட கோயிற் சுவரில் பேரனின் சுழல்விசிறி மோதி முறிவது நிகழக்கூடியதே.

ஆறிய பின் ட்ரெயிலரைப் பின்னோக்கி நீருக்குள் இறக்கலாம். அதற்கு முன், மழைக்கெனக் கழற்றி ஓட்டுநரின் சட்டைப்பையில் இட்டுவைத்த வடிகால் அடைப்பை எடுத்து, துளையில் இறுக மாட்டல் வேண்டும்.