கருப்பைவாயும் உப்பளத்துப் பெண்களும்

(தூத்துக்குடியில் உப்பளப் பெண்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கருப்பைவாய்ப் புற்றுநோய்னு சொன்னதும் ரெண்டு பேச்சு கிளம்பும். ஒண்ணு, 'அவ நடத்தை சரியில்ல'. இன்னொண்ணு, 'சேரிப் பொம்பளைக்குச் சுத்தம் பத்தாது'. இந்த ரெண்டாவதை வெள்ளைக்கோட்டுப் போட்டவங்க வாயாலேயே கேட்டிருக்கேன். நாள் பூரா பாத்தியில நிக்கிறவ ஒதுங்க ஒரு மறைப்புக் கட்டித் தராத ஊருல, சுத்தத்தைப் பத்தி நமக்குப் பாடம்!

இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். அதில் 16, 18 ஆகிய இரு வகைகளைப் புற்றுக்கட்டியில் 1983-84இல் கண்டறிந்தவர் ஜெர்மானியரான ஹரால்டு சூர் ஹவுசன்; 2008இல் நோபல் பரிசு பெற்றார். உடலுறவு உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு இது வாழ்நாளில் ஒருமுறையாவது ஒட்டும். புருசனைத் தவிர வேறாளை அறியாதவளுக்கும் அவன் மூலமா வரும். பெரும்பாலும் ஓரிரு வருசத்துல உடம்பே விரட்டிடும். விரட்டாமல் பல வருசம் தங்கினால்தான் ஆபத்து. ஆகவே 'வைரஸ் இருக்கு'ன்னு சீட்டு வந்தா அது புற்றுநோய்ச் சீட்டு இல்ல, நடத்தைச் சான்றிதழும் இல்ல. அதைக் காட்டி எவனும் பெண்டாட்டியை வீட்டைவிட்டு இறக்க முடியாது.

யாருக்கு ஆபத்துன்னு சொல்ல உயிர்க்குறிகள் இருக்கு. வைரஸின் இ7 புரதம் செல்லின் கடிவாளத்தை அறுத்துவிடுகிறது. பெருக்கத்தை நிறுத்தப் பார்க்கும் செல், பி16 என்னும் புரதத்தை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. கடிவாளம் இல்லாததால் பலனில்லை. ஆனா சாயம் போட்டால் பி16 பழுப்பாத் தெரியும். புற்றாகும் முன்பே செல் போடுற கூச்சல் அது.

திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கையில், அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் சிகிச்சை தந்ததிலேயே சாவு 35 சதவீதம் குறைந்தது (2007இல் வெளியான ஆய்வு). மகாராஷ்டிரத்து உஸ்மானாபாத் ஆய்வில் (2009) ஒருமுறை ஹெச்.பி.வி. சோதனை செய்வதற்கென ஒதுக்கிய முப்பதாயிரத்துச் சொச்சம் பெண்களில் இறந்தவர்கள் 34. ஒப்பிடுவதற்காகச் சோதிக்காமல் விட்ட முப்பதாயிரத்துச் சொச்சம் பேரில் 64. விடப்பட்டவர்களும் கிராமத்து ஏழைகள்தான். அவர்கள் செத்துத் தந்த சான்று இது. இன்னும் என்ன சான்று வேணும்?

30 வயசு முதல் ஹெச்.பி.வி. சோதனை செய்யணும், மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொல்லியாச்சு. ஒரு குச்சி, ஒரு குப்பி. கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரி வரிசையில நிக்க வேண்டாம். மழைக்காலத்துல அளம் ஓய்ஞ்சு கிடக்கையில அது நம்ம தெருவுக்கு வரணும்னு மனுக் கொடுப்போம்.

ஒண்ணு மட்டும். மாதவிலக்கு நின்னபிறகோ, புருசனோடு சேர்ந்தபிறகோ ரத்தம் பட்டா, குச்சி வரட்டும்னு இருக்காதீங்க. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போங்க.