உடைந்த பல்லும் தள்ளிப்போடும் செலவும்

 

பல் உடைந்து உதவி கேட்டு எங்களிடம் வருபவர்களில் பலர், பணம் சேரட்டும் என்று மாதக்கணக்கில் பொறுத்திருந்தவர்கள். இந்த விஷயத்தில் பொறுத்திருப்பதுதான் செலவைக் கூட்டுகிறது. முனை மட்டும் உடைந்த பல்லை ஒரே நாளில் அடைத்துவிடலாம். கிருமி உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை, அதன்மேல் உறை என்று செலவு பல மடங்காகும்.

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பியிருக்காதீர்கள். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் தவிர, பெரும்பாலான காப்பீடுகள் பல் செலவை ஏற்பதில்லை.

சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலும், சிதம்பரத்திலும், புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வெளியூர்க்காரர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே சிகிச்சை செய்வதால் கட்டணம் குறைவு; சில நாட்கள் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும்.

தனியார் மருத்துவரிடம் போனால் மொத்தச் செலவை முதலிலேயே எழுதி வாங்குங்கள். எதை உடனே செய்யவேண்டும், எதற்குத் தவணை உண்டு என்று கேளுங்கள். கடைவாய்ப் பல்லுக்கு விலை குறைந்த உலோக உறை போதுமா என்றும் கேளுங்கள்.

நகையை வட்டிக்கு வைக்கும் முன் அந்தச் சீட்டோடு எங்களிடம் வாருங்கள். வட்டியில்லாக் கடனுக்கு வழி பார்ப்போம். சோற்றை மெல்ல முடியாமல் விழுங்குவதும் கஷ்டம்தான். அதைச் சொல்ல வெட்கம் வேண்டாம்.