ஒளியும் உரோமமும்

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி இரண்டு வாரம் வகுப்பிற்கு வரவில்லை. திரும்பி வந்தபோது அவளுடைய மேலுதட்டின்மீது கருந்திட்டுகள் காணப்பட்டன. உடன் பயில்வோர் சிலர் ‘மீசைக்காரி’ என்று நகைத்தனராம். அது பொறாமல் அழகு நிலையம் ஒன்றில் மயிர் நீக்கும் ஒளிச் சிகிச்சை செய்துகொண்டாளாம். “ஐயா, வெறும் ஒளி எப்படித் தோலைச் சுடும்?” என்று கேட்டாள். அவளுக்கு அன்று சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

வெயிலில் வெள்ளைத் துணியைவிடக் கறுப்புத் துணி விரைவில் சூடேறுவதை அறிவீர்கள். கருமை ஒளியை விழுங்கி வெப்பமாக்குகிறது. மயிருக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. தோலினுள் புகும் ஒளி அந்நிறமியில் வெப்பமாக மாறி, மயிரை வளர்க்கும் உயிரணுக்களைச் சிதைக்கிறது. கண் இமைப்பதற்குள் ஒளித்துடிப்பு முடிந்துவிடுவதால், வெப்பம் அக்கம்பக்கம் மிகுதியாகப் பரவுவதில்லை. இக்கொள்கையை 1983-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், பாரிஷ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விளக்கினர். 1960-இல் மெய்மன் முதன்முதல் ஒளிரச் செய்த மாணிக்க லேசரின் வகையைச் சார்ந்த கருவியைக் கொண்டே, 1996-இல் மயிர் நீக்கும் ஆராய்ச்சி வெளியாயிற்று.

ஆனால், மயிர் எது, தோல் எது என்று ஒளிக்குத் தெரியாது. கருநிறத் தோலிலும் அதே மெலனின் மிகுந்திருக்கிறது. மாணிக்க லேசரின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெண்ணிறத் தோலும் கருமயிரும் உடையவர்க்கு அது பொருந்தும். நம் போன்றவர் தோலை அது புண்ணாக்கக்கூடும். 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே ஏற்கிறது. அவ்வொளி ஆழமாகவும் செல்கிறது. எனவே கருநிறத்தார்க்கு அதுவே ஏற்றது. தோலை உடனுக்குடன் குளிர்விக்கவும் வேண்டும். அம்மாணவியின் தோலுக்கு எது தகும் என்று அங்கே யாரும் ஆராயவில்லை.

மற்றொன்றும் அறிக. எல்லா மயிரும் ஒரே காலத்தில் வளர்வதில்லை; வளரும் பருவத்திலுள்ளவையே ஒளிக்கு நன்கு கட்டுப்படும். ஆதலின் சில வார இடைவெளிகளில் பலமுறை செய்ய வேண்டும். அப்போதும் மயிர் நெடுங்காலம் குறையுமேயன்றி முற்றும் ஒழியும் என்பதற்கு உறுதியில்லை. நிறமியற்ற நரைமயிரை இவ்வொளி ஒன்றும் செய்யாது.

அறியாமல் அவசரப்பட்டதன் விளைவை உலகம் முன்னரே கண்டிருக்கிறது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டிலேயே, 1896-இல், வியன்னாவில் பிராய்ண்ட் என்னும் மருத்துவர் ஒரு சிறுமியின் முதுகில் வளர்ந்த மயிரை அவற்றால் உதிர்த்தார். பின்னர் அங்கே புண் உண்டாயிற்று. ஆயினும் 1920-களில் அமெரிக்க அழகு நிலையங்கள் அதே கதிர்களைப் பெண்களின் முகத்தில் பாய்ச்சின. அவர்களுள் பலர் பிற்காலத்தில் தோற்புற்றுக்கு ஆளாயினர். லேசர் ஒளி அத்தகைய கதிரன்று. எனினும் கருவியை நம்புமுன் அதன் இயல்பை அறிய வேண்டும் என்னும் பாடம் இதற்கும் பொருந்தும்.

ஆகவே, விரும்புவோர் முதலில் தோல் மருத்துவரை அணுகுக. பெண்களுக்கு முகத்தில் திடீரென மயிர் மிகுவது சில வேளைகளில் சுரப்பிக் கோளாற்றின் அறிகுறி. அதற்கு வேறு சிகிச்சை வேண்டும்.

அம்மாணவியின் திட்டுகள் சில மாதங்களில் மங்கிவிட்டன. நகைத்தவர்களும் என் வகுப்பில்தான் இருந்தனர். அவள் வராத அந்த இரண்டு வாரமும் நான் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. அது என் குறை. உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருக்கலாம். அவளை நகையாதீர்கள்.