பாயிரமும் மதிப்புரையும்



நூலைப் பற்றிப் பிறர் உரைப்பது தமிழுக்குப் புதிதன்று. தற்புகழ்ச்சி தகாது எனக் கருதிய நம் முன்னோர், சிறப்புப்பாயிரம் செய்யும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தனர். நூலாசிரியரின் ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே அதற்குரியவர் என்கிறது நன்னூல். அனைவரும் வேண்டியவர்களே! இன்றைய அணிந்துரை இம்மரபின் வழிவந்தது, அதில் பிழையில்லை.

ஆயினும், அதே நன்னூல் ஒரு நூலுக்குப் பத்து அழகுகளை மட்டுமன்றிப் பத்துக் குற்றங்களையும் வகுத்திருக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் ஆகியன அவற்றுட் சில. பாயிரம் நூலை அறிமுகம் செய்கிறது. மதிப்புரையோ அழகையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய வேண்டுவது. நாம் முன்னதை வளர்த்தோம், பின்னதைத் தளரவிட்டோம்.

இதற்குக் காரணமும் உண்டு. நம் எழுத்துலகம் சிறியது. எழுதுபவரும் மதிப்பிடுபவரும் ஒரே வெளியீட்டு விழாவில் அருகருகே அமர்பவர்கள். அங்கு நிகழ்த்திய வாழ்த்துரையே பின்னர் மதிப்புரையாக அச்சேறுகிறது. ஆனால், சிறிய உலகில் திறனாய்வு இயலாது என்பதற்கில்லை. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். எழுத்து கற்றுத் திருத்திக்கொள்ளத்தக்கது என்னும் நம்பிக்கை அன்று மலாயாவில் இருந்தது.

நானும் இக்குறைக்கு விலக்கானவன் அல்லேன். நண்பர் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பில், ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஆசிரியரே குறுக்கிட்டு நீதி உரைப்பார். அஃது உறுத்தியும், பாராட்டி மட்டுமே எழுதினேன். இரண்டாம் தொகுப்பிலும் அதே குறை. இம்முறை தயங்கித் தயங்கிக் கூறினேன். "முதல் நூலின்போதே சொல்லியிருக்கலாமே, ஐயா?" என்றார் அவர். என் சொல்லை நம்பி அந்நூலை வாங்கிய வாசகரும் அதையே கேட்டிருப்பார்.

மாணவர்களே, ஒரு நூலை மதிப்பிடும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இந்நூல் எதைச் செய்ய முயல்கிறது? எந்த அளவு நிறைவேற்றுகிறது? அதற்குச் சான்று எந்தப் பக்கத்தில் உள்ளது? 'அருமை' என்றாலும் 'குறை' என்றாலும் பக்கத்தைச் சுட்டுங்கள். அவ்வாறு சுட்டும்போது பேச்சு எழுதியவரை விட்டு எழுத்தின்மேல் செல்லும், நட்பும் கெடாது.

ஆசிரியர்களே, உங்கள் கருத்தோடு முரண்பட்டுச் சான்று காட்டும் மாணவருக்கும் முழு மதிப்பெண் வழங்குங்கள். நாளைய திறனாய்வாளர் அவ்வகுப்பிலிருந்தே எழுவார்.