நீரிழிவும் கண்ணொளியும்

(தசலட்சணப் பெருவிழாவில் ஆற்றிய உரை)

 

நீரிழிவு உடையோர் கண்ணைக் காக்கும் வழி பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் தமிழ் பயிற்றுவித்தவன். மருத்துவம் பயின்றவன் அல்லன். ஆயினும் கண் நம் அறத்தோடு நெருங்கிய தொடர்புடையது. நான்கு முழத் தொலைவு முன்னோக்கிச் சிற்றுயிர் மிதிபடாமல் நடத்தலை ஈரியா சமிதி என்பர். துறவியர்க்குரிய இவ்வொழுக்கத்தை இல்லறத்தாரும் இயன்ற அளவு பேணுகின்றோம். உணவைப் பகலொளியில் பார்த்து உண்கின்றோம். நூல் ஓதுதலாகிய சுவாத்தியாயம் செய்கின்றோம். இவை மூன்றுக்கும் கண் வேண்டும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ஆம் ஆண்டு தெரிவித்தது. சென்னை நகரில் நீரிழிவு உடையோரை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அவர்களுள் 17.6 விழுக்காட்டினர்க்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். இந்த அவையிலும் அத்தகையோர் இருக்கக்கூடும். அவர்களுட் பலர் அதனை அறியாமலும் இருக்கக்கூடும்.

பார்வை மங்கல் என்று நாம் சொல்வது ஒரே நோய் அன்று. குருதியில் சர்க்கரை மிகும்போது, லென்ஸ் எனப்படும் கண்வில்லை நீரை ஈர்த்துப் பருக்கின்றது. அதனால் பார்வை மங்குகின்றது. சர்க்கரை சீரானபின் சில வாரங்களில் வில்லை பழைய நிலையை அடையும். சர்க்கரை ஏறி இறங்கும் காலத்தில் கண்ணாடி வாங்கினால், அடுத்த மாதமே அது பொருந்தாமற் போகும். முதலில் சர்க்கரையைச் சீராக்கி, மருத்துவர் சொல்லும் காலம் வரை பொறுத்துக் கண்ணாடி வாங்குதல் நன்று.

மற்றொன்று விழித்திரை நோய். கண்ணின் உட்புறத்தே திரைபோல் அமைந்த விழித்திரையில் மயிரினும் நுண்ணிய குருதிக் குழாய்கள் உள்ளன. பல்லாண்டுகள் சர்க்கரை மிகுந்திருப்பின் அவை வலுவிழந்து கசிகின்றன; சில அடைபடுகின்றன. நோய் முற்றும்போது மெலிந்த புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, கண்ணுக்குள் குருதி பெருகும். இந்நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை; பார்வையையும் மங்கச் செய்வதில்லை. எழுத்துகளைத் தெளிவாகப் படிப்பவர்க்கும் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கலாம். மங்கல் தோன்றட்டும், பிறகு மருத்துவரைப் பார்ப்போம் என்று காத்திருப்பவர், மருத்துவம் எளிதாக இருந்த காலத்தைக் கடந்துவிடுகின்றார். இந்த உரையில் வேறெதை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகின்றேன்.

எனவே நீரிழிவு உண்டென்று அறிந்த உடனேயும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இளமையிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகை நீரிழிவினர், நோய் தொடங்கிய ஐந்தாண்டுக்குள் இச்சோதனையைத் தொடங்குதல் வேண்டும். நீரிழிவு உடைய பெண்கள் கருவுற்றால், முதல் மூன்று மாதத்துக்குள் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இச்சோதனை ஆகாது. சொட்டுமருந்து இட்டுக் கண்பாவையை விரித்து உள்ளே நோக்குவர். அதன்பின் சில மணி நேரம் கண் கூசும். ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கண்முன் கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலும், திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலும் அன்றே மருத்துவரை அடைய வேண்டும்.

நோய் வருமுன் காக்கவும் வழியுண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உடைய 1,441 பேரிடம் நிகழ்த்திய ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோர்க்கு, விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அடக்கி வைத்தலும், புகையிலையை ஒழித்தலும் உடன் வேண்டுவன. நோய் வந்தபின் லேசர் ஒளியும் ஊசி மருந்தும் உள்ளன. ஆயினும் காலம் தாழ்ந்தால் இழந்த பார்வை முழுதும் மீளும் என்று உறுதி கூற இயலாது. கண்ணில் தேனும் விளக்கெண்ணெயும் விடும் வழக்கம் நாட்டில் இன்னும் உண்டு. தேனை விலக்கிய நாம் அதனைக் கண்ணிலும் விலக்குவோம்.

இனி நோன்பு பற்றி ஒரு சொல். நீரிழிவு மாத்திரை உண்போரும் இன்சுலின் ஏற்போரும் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருத்தல் தீங்காகும். சர்க்கரை மிகத் தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், பார்வை மங்கல், மயக்கம் தோன்றும். அப்போது உடனே சர்க்கரை உண்ண வேண்டும். மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டு நோன்பிருப்பதும் தவறே. பாரணையில் கரும்புச் சாறோ பானகமோ பருகினால் சர்க்கரை சட்டென உயரும். கதிரவன் மறையுமுன் உண்டு, மறுநாட் காலை வரை ஏதும் கொள்ளாதவர்கள் அவ்வழக்கத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவையும் வேளையையும் அவர் அதற்கேற்ப அமைப்பார்.

அப்படியாயின் நோயாளிக்குத் தவம் இல்லையா எனச் சிலர் வருந்தலாம். தத்துவார்த்த சூத்திரம் கூறும் சோடசகாரண பாவனைகளில், தியாகமும் தவமும் அவரவர் ஆற்றலுக்கு ஏற்பவே சொல்லப்பட்டுள்ளன. புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்று. வயிறு நிறையுமுன் எழுதலும் தவம். சுவைப்பொருளைத் துறக்கும் ரச பரித்தியாகமும் தவம். நெய், பால், தயிர், எண்ணெய், உப்பு என்பவற்றோடு இனிப்பும் அச்சுவைப்பொருள்களுள் எண்ணப்படுகின்றது. விழா நாளில் இலையில் வைத்த இனிப்பைத் தொடாமல் எழும் முதியவர், தம் ஆற்றலுக்கு ஏற்ற தவத்தையே செய்கின்றார். ‘இன்று ஒருநாள் உண்டால் என்ன?’ என்று அவரை வற்புறுத்தாதீர்கள்.

நம் ஊர்களில் பெரியோர் பலர் நூல் ஓதுவதைக் குறைத்துக்கொண்டு, வயதாகிவிட்டது என்கின்றனர். வயதுதானா, நோயா என்பதைச் சோதனை சொல்லட்டும். செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 1819-இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இன்றும் கட்டணமின்றி மருத்துவம் செய்கின்றது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலும் கேட்டறியலாம்.

உணவு, அடைக்கலம், மருந்து, நூல் என்னும் நால்வகைத் தானத்துள் மருந்தளித்தல் ஔடத தானம். நம் அறக்கட்டளை ஆண்டுதோறும் இவ்விழாவை ஒட்டி ஒருநாள் விழித்திரைச் சோதனை முகாம் நடத்த வேண்டும் என்பது என் விண்ணப்பம். அதுவரை காத்திராமல், இளைஞர்கள் தத்தம் வீட்டில் நீரிழிவு உடையவரை இம்மாதத்திலேயே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டுகின்றேன்.