அவர்களுடைய ஐக்கியமும் நம்முடைய ஐக்கியமும்

(ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டார ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

முதல் ஷிப்டு முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறீர்கள். காலையிலிருந்து கழனியில் குனிந்து நின்று களை பறித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களும் இங்கே இருக்கிறார்கள். ஆகவே நாம் நீண்ட பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இந்த வட்டாரத்து ஆலை ஒன்றில் சமீபத்தில் நமது சங்க நிர்வாகிகள் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்கு இரண்டு தோழர்கள் நின்றார்கள். ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். இதில் தவறு ஒன்றுமில்லை. போட்டியே இல்லாத சங்கம் தூங்குகிற சங்கம். ஆனால் தேர்தல் முடிந்த பிறகும் கேட் மீட்டிங்கில் இரண்டு கும்பலாக நிற்கிறார்கள். தோற்ற பக்கத்தில் சிலர் சந்தா கட்டவில்லை. ஜெயித்த பக்கத்தில் சிலர், "போனால் போகட்டும், நமக்கென்ன?" என்கிறார்கள். கேண்டீனில்கூட உட்காரும் மேசை தனித்தனியாகிவிட்டது.

நல்லெண்ணம் உள்ள தோழர்கள் நம்மிடம் வந்து, "தோற்றவருக்கு ஒரு உபதலைவர் பதவி கொடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். பதவி கொடுத்தால் சரியாகிவிடுமா? அதுதான் கேள்வி. பதிலை நாம் நம் மூளையிலிருந்து உருவாக்க வேண்டியதில்லை. பதவி கொடுத்து ஐக்கியம் கண்ட ஒரு கட்சியின் கதை இந்த மண்ணிலேயே கிடக்கிறது.

93-ம் 41-ம்

1952 பொதுத் தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸ் தோற்றது. 375 இடங்களில் அதற்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62 இடங்கள் கிடைத்தன. காங்கிரசுக்கு எதிரான கட்சிகள் ஒன்று சேர்ந்து மந்திரி சபை அமைத்துவிடும் என்ற பயத்தில், தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து முதல் மந்திரி ஆக்கினார்கள். கம்யூனிஸ்டுகளே தமது முதல் விரோதி என்று அவர் பகிரங்கமாகவே சொன்னார். அதே ராஜாஜியின் சர்க்கார்தான், தஞ்சையில் செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் எழுந்து நின்றபோது, அதே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1953-ல் அவர் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும் என்பது திட்டம். ஜனங்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். சரியான பெயர்தான். சேரியில் பிறந்தவன் பிள்ளை கழனிக்கே போக வேண்டும், சலவைத் தொழிலாளி பிள்ளை துறைக்கே போக வேண்டும் என்றால் அதற்கு வேறென்ன பெயர்? பெரியாரின் திராவிடர் கழகம் எதிர்த்தது. தி.மு.க. எதிர்த்தது. கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு 138 ஓட்டு, எதிராகவும் 138 ஓட்டு. காங்கிரஸ் உறுப்பினர்களே கலங்கிப் போனார்கள். அடுத்த தேர்தலில் எந்த முகத்தோடு ஜனங்களிடம் போவது என்ற கலக்கம்.

1954-ல் ராஜாஜி உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். காங்கிரஸ் சட்டசபைக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. ஒரு பக்கம் காமராஜர். இன்னொரு பக்கம் ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜருக்கு 93 ஓட்டுகள், சுப்பிரமணியத்துக்கு 41.

ஏப்ரல் 13-ம் தேதி காமராஜர் மந்திரி சபை பதவியேற்றது. மொத்தம் எட்டே பேர். அந்த எட்டுப் பேரில் தோற்றுப்போன சுப்பிரமணியமும் இருந்தார், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார். ராமநாதபுரம் ராஜாவும் இருந்தார். பத்திரிகைகள் இதைப் பெருந்தன்மை என்று புகழ்ந்தன, இன்றும் புகழ்கின்றன. காமராஜர் தனிப்பட்ட முறையில் பெருந்தன்மை உள்ளவர் என்பதையும், அவர் காலத்தில் கிராமங்களில் பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. நன்மையை நன்மை என்று சொல்லக் கம்யூனிஸ்டுகளுக்குக் கூச்சமில்லை.

ஆனால் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். 1954 மே 18-ம் தேதி குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது என்று சட்டசபையில் அறிவித்தவர் யார்? அதே சி. சுப்பிரமணியம்! ராஜாஜி மந்திரி சபையில் இருந்து அந்தத் திட்டத்தைத் தாங்கிப் பிடித்தவர், காமராஜர் மந்திரி சபையில் இருந்து அதைப் புதைத்தார். ஆள் மாறவில்லை, கொள்கை மாறியது. அதை மாற்றியது எது? தெருவில் நின்ற ஜனங்கள். மந்திரி சபையின் ஐக்கியம் குலக்கல்வியை ஒழிக்கவில்லை. குலக்கல்வியை எதிர்த்த ஜனங்களின் போராட்டம்தான் அந்த மந்திரி சபையையே கொண்டுவந்தது. தஞ்சைப் பண்ணையாள் சட்டம் வந்த கதையும் இதேதான்.

இந்தத் தொகுதி சொன்ன தீர்ப்பு

இனி இந்தக் கதை நம் ஊருக்கு வருகிறது. பக்தவத்சலம் 1957-லும் 1962-லும் ஜெயித்தது எந்தத் தொகுதியில்? இதே ஸ்ரீபெரும்புதூரில். 1963 அக்டோபர் 2-ம் தேதி காமராஜர் விலகியபோது அவருக்குப் பின் முதல் மந்திரியாக வந்தவர், ஒன்பது வருஷத்துக்கு முன் அவருடைய எதிர் வேட்பாளரை முன்மொழிந்த அதே பக்தவத்சலம்தான்.

அவர்கள் ஐக்கியம் அத்தனை உறுதியாகத்தானே இருந்தது? கிராமத்தில் அது என்ன செய்தது? நில உச்சவரம்புச் சட்டம் வர 1961 ஆயிற்று. வந்தபோதும் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதற்கு மேல் விதிவிலக்குகள். பெரிய பண்ணைகள் பெயர் மாற்றி எழுதிக்கொள்ளப் போதுமான அவகாசம் இருந்தது. பிறகு 1965-ல் மொழிப் போராட்டம் வந்தது. சர்க்கார் துப்பாக்கியால் பதில் சொன்னது. அரிசிப் பஞ்சம் வந்தது. 1967-ல் இந்தத் தொகுதி ஜனங்கள் முதல் மந்திரியையே தோற்கடித்தார்கள். விருதுநகரில் காமராஜரும் தோற்றார்.

ஆட்சி போன பிறகு ஐக்கியம் எத்தனை நாள் நின்றது? ராஜாஜி 1957-லேயே வெளியேறிவிட்டார், 1959-ல் சுதந்திரா கட்சி தொடங்கிவிட்டார். 1969-ல் காங்கிரஸ் பிளந்தபோது காமராஜரும் பக்தவத்சலமும் ஒரு பக்கம், சுப்பிரமணியம் இந்திரா காந்தியின் பக்கம். நாற்காலியைச் சுற்றிக் கட்டிய கயிறு, நாற்காலி போனதும் அவிழ்ந்தது.

இது பழைய கதை என்று இளைய தோழர்கள் நினைக்கக்கூடும். நீங்கள் கண்ணால் பார்த்ததையே சொல்கிறோம். 2017 ஆகஸ்ட் 21-ம் தேதி எடப்பாடி பழனிசாமி, ஓ. பன்னீர்செல்வம் இருவர் கைகளையும் கவர்னரே பிடித்துச் சேர்த்து வைத்தார். ஒருவர் முதல்வர், மற்றவர் துணை முதல்வர். 2021-ல் ஆட்சி போயிற்று. 2022 ஜூலை 11-ம் தேதி, இதே நெடுஞ்சாலையில் சென்னைக்குப் போகும் வழியில் உள்ள வானகரத்தில் பொதுக்குழு கூடி, பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்து நீக்கியது. அன்றைக்கே ராயப்பேட்டை அலுவலகத்தில் அடிதடி. பிறகு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. கவர்னர் சேர்த்து வைத்த கைகள் ஐந்து வருஷம்கூட நிற்கவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

"அடுத்தவன் கதையைச் சொல்கிறீர்களே, உங்கள் கட்சி 1964-ல் இரண்டாகவில்லையா?" என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆம், இரண்டாயிற்று. அது மந்திரி நாற்காலிக்காக வந்த பிளவு அல்ல. தேசத்தின் ஆளும் வர்க்கத்தை எப்படி மதிப்பிடுவது, எந்தப் பாதையில் போவது என்பதில் வந்த பிளவு. ஆனாலும் ஒரே ஆலையில் இரண்டு செங்கொடி பறந்தபோது மகிழ்ந்தவன் முதலாளிதான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதிலிருந்து கற்ற பாடத்தால்தான் இன்று பொது வேலைநிறுத்தம் என்றால் செங்கொடிச் சங்கங்கள் ஒன்றாக நிற்கின்றன. கொள்கை வேறுபாட்டை விவாதிப்போம், கோரிக்கையில் பிரிய மாட்டோம் என்பதே அந்தப் பாடம்.

பிளவு யாருக்கு ஆயுதம் என்பதைச் சுங்குவார்சத்திரத்தில் பார்த்தோம். 2024 செப்டம்பர் 9-ம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தலையாய கோரிக்கை, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. நடுவில் என்ன நடந்தது? வேறொரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு ஆகிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. பந்தல் பிரிக்கப்பட்டது. தலைவர்கள் கைதானார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நாம் தேர்தலில் தோழமை கொண்டிருந்த கட்சி. கூட்டணி ஐக்கியம் கெட்டுவிடும் என்று நாம் வாயை மூடிக்கொண்டோமா? இல்லை. பந்தல் இல்லாத இடத்திலும் தொழிலாளி உட்கார்ந்தான், நாமும் உட்கார்ந்தோம். 37 நாள் நின்றார்கள். 2025 ஜனவரி 27-ம் தேதி சங்கம் பதிவாயிற்று. அந்த 37 நாளும் அவர்களைக் கட்டி வைத்தது எந்தப் பதவி? ஒரு பதவியும் இல்லை. ஒரு கோரிக்கைதான்.

இப்போது நம் சங்கத் தேர்தலுக்கு வருவோம். இரண்டு தோழர்களும் போட்ட நோட்டீசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். போனஸ் இருக்கிறது, பஸ் வசதி இருக்கிறது, கேண்டீன் இருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அதே லைனில், அதே வேலையை, பாதிச் சம்பளத்துக்குச் செய்கிற காண்டிராக்ட் தொழிலாளியைப் பற்றி ஒரு நோட்டீசிலும் ஒரு வரி இல்லை. ஏன் இல்லை? அவனுக்கு ஓட்டு இல்லை! 1954-ல் காமராஜரையும் சுப்பிரமணியத்தையும் தீர்மானித்தது 134 ஓட்டு. கழனியில் நின்றவனுக்கு அதில் ஓட்டு இல்லை. நாமும் அதே மாதிரித் தேர்தல்தானே நடத்தியிருக்கிறோம்?

இதில் கட்சி ஊழியர்களான நம் மேலும் குற்றம் உண்டு. தேர்தல் நேரத்தில் நம்மில் சிலர் ஒரு பக்கம் சாய்ந்து வேலை செய்தோம். அதைத் தோற்ற தோழர் முகத்துக்கு நேரே சொன்னார். சரியாகவே சொன்னார். இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

அந்தக் காண்டிராக்ட் தொழிலாளி யார்? இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாயின் மகன். சிப்காட்டுக்காக நிலம் எடுத்தபோது பட்டா உள்ளவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிக்கு நட்டவளுக்கு என்ன கிடைத்தது? வேலை போயிற்று, அவ்வளவுதான். மகன் கேட்டுக்குள் காண்டிராக்டில் போனான், தாய் மிச்சமிருக்கும் கழனியைத் தேடி நடக்கிறாள். ஒரே குடும்பத்தின் இரண்டு கூலி. இந்த இரண்டு கூலியையும் சேர்த்துப் பேசாத ஐக்கியம் நமக்கு எதற்கு?

நேரமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 நவம்பர் 21-ம் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமலுக்குக் கொண்டுவந்தது. ஓர் ஆலையில் பல சங்கம் இருந்தால், நூற்றுக்கு 51 பேரைத் தன்னிடம் வைத்திருக்கும் சங்கமே பேசும் உரிமையுள்ள சங்கம் என்கிறது அந்தச் சட்டம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. சந்தா கட்டாமல் ஒதுங்கி நிற்கும் ஒவ்வொரு தோழரும், "போனால் போகட்டும்" என்று சொல்லும் ஒவ்வொரு தோழரும், அந்த 51-லிருந்து ஒன்றைக் கழித்து நிர்வாகத்தின் கையில் கொடுக்கிறார்.

என்ன செய்ய வேண்டும்?

உபதலைவர் பதவி வேண்டாம். அதைத் தோற்ற தோழரே கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். நாம் சொல்வது இதுதான்.

முதலாவது, பொதுக்குழுவைக் கூட்டுவோம். ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே மேடையில் நின்று கோரிக்கைப் பட்டியலைப் படிக்கட்டும். சிறுபான்மை பெரும்பான்மைக்குக் கட்டுப்பட வேண்டும். பெரும்பான்மை சிறுபான்மையைப் பேச விட வேண்டும். கேண்டீனில் முணுமுணுப்பதைப் பொதுக்குழுவில் உரக்கச் சொல்லுவோம்.

இரண்டாவது, சம வேலைக்குச் சமக் கூலி என்பது அந்தப் பட்டியலில் முதல் வரியாக இருக்கட்டும். காண்டிராக்ட் தொழிலாளியைச் சங்கத்தில் சேர்க்கும் வேலையை இரண்டு தோழர்களும் சேர்ந்து செய்யட்டும். ஊர் ஊராக, ஒரே வண்டியில் போகட்டும். பத்து நாள் சேர்ந்து அலைந்தவர்கள் பதினோராம் நாள் தனி மேசையில் உட்கார மாட்டார்கள். அனுபவத்தில் சொல்கிறோம்.

மூன்றாவது, நடவுக் கூலி, களைக் கூலி கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் நிற்கும் இடத்தில் ஆலைச் சங்கக் கொடியும் நிற்க வேண்டும். ஆலை கேட்டில் பந்தல் போட்டபோது சோறு ஆக்கிப் போட்டவர்கள் இவர்கள்தான். அந்தக் கடன் இன்னும் அடையவில்லை.

தோழர்களே! அவர்களுடைய ஐக்கியம் இருப்பதைப் பங்கு போடும் ஐக்கியம். பங்கு தீர்ந்ததும் அதுவும் தீர்ந்துவிடும். நம்மிடம் பங்கு போட ஒன்றுமில்லை. பெற வேண்டியதுதான் இருக்கிறது. பெறுகிற வரை சேர்ந்து நிற்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

நாளைக் காலை கேட் மீட்டிங்கில் ஒரே கூட்டமாக நில்லுங்கள். அதுவே தொடக்கம்.

தொழிலாளர் - விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!